யூபியூ மெரிட் 91.58: தம்பிக்குக் கணினி அறிவியல் கிடைக்குமா?

பட்டர்வொர்த் அக்கா:

வணக்கம். என் தம்பி இங்கே பினாங்கு பட்டர்வொர்த்தில் படிவம் 6 (பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்டிபிஎம் தேர்வு வகுப்பு), அறிவியல் பிரிவு. இரண்டு தவணை முடிந்தது, மூன்றாவது பாக்கி. இதுவரை வந்ததை வைத்துப் பார்த்தால் பெங்காஜியான் அம் (பொதுப் பாடம்) ஏ, மேத்தமேட்டிக்ஸ் டி (கணிதம்) ஏ, வேதியியல் ஏ மைனஸ், இயற்பியல் பி பிளஸ். பிஎன்ஜிகே (எல்லாப் பாடத்துக்கும் சேர்ந்த சராசரிப் புள்ளி, உச்சம் 4) 3.75. புறப்பாடத்துக்கு (சங்கம், போட்டி போன்றவை) 10க்கு 7.2 வரும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையை நடத்தும் யூபியூ பார்க்கும் மொத்த மெரிட், அதாவது தகுதிப் புள்ளி, 91.58 என்று அவனே கணக்குப் போட்டு வைத்திருக்கிறான்.

அவனுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்திலோ இங்கே பினாங்கில் இருக்கும் யூஎஸ்எம் பல்கலைக்கழகத்திலோ கணினி அறிவியல் படிக்க வேண்டும். இல்லையென்றால் எலெக்ட்ரானிக் பொறியியல். சித்தப்பா "கண்டிப்பாகக் கிடைக்கும்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் "வாய்ப்பே இல்லை, இப்போதே தனியார் கல்லூரிக்குப் பணம் கட்டு" என்கிறார். அப்பா பிறையில் லாரி ஓட்டுகிறார், தனியாருக்கு எங்களால் முடியாது. எங்கள் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போகப்போவது இவன்தான். நான் எஸ்பிஎம் (படிவம் 5 தேர்வு) முடித்ததும் ஃபேக்டரிக்குப் போய்விட்டேன், அதனால் எனக்கு இதெல்லாம் தெரியாது. எத்தனை விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது என்று யாராவது சொல்வீர்களா?

செந்தூல் ஆசிரியர்:

அம்மா, உங்கள் தம்பி போட்ட கணக்கு சரிதான். பிஎன்ஜிகேயை 4ஆல் வகுத்து 90ஆல் பெருக்க வேண்டும், 84.38 வருகிறது. அதோடு புறப்பாடம் 7.2 சேர்ந்தால் 91.58. எஸ்டிபிஎம் மாணவருக்கும், எஸ்பிஎம்முக்குப் பிறகு அரசாங்கக் கல்லூரியில் மெட்ரிகுலேஷன் படிக்கும் மாணவருக்கும் இதே 90க்கு 10 கணக்குதான்.

விழுக்காட்டை யாரும் சொல்ல முடியாது. சொல்கிறவர் ஊகத்தில் சொல்கிறார். ஆனால் நீங்களே ஓரளவு கணிக்கலாம். யூபியூவின் ஈ-பண்டுவான் என்ற இணைய வழிகாட்டியில் ஒவ்வொரு படிப்புக்கும் கீழே முந்தைய சேர்க்கையின் சராசரி மெரிட் இருக்கும். பலர் அந்த எண்ணைப் பார்த்து, "என்னுடையது குறைவு, எனக்குக் கிடைக்காது" என்று விட்டுவிடுகிறார்கள். வருடா வருடம் என் வகுப்பில் இது நடக்கிறது, எனக்கு மனசு வலிக்கும். அது சராசரி. இடம் கிடைத்த கடைசி ஆளின் எண் அல்ல. உதாரணத்துக்கு ஒரு படிப்பின் சராசரி 93 என்றால், 97, 98 எடுத்தவர்களும் அதில் இருப்பார்கள், 93க்குக் கீழே எடுத்து உள்ளே போனவர்களும் இருப்பார்கள். சராசரி 98க்கு மேல் போனால் கதை வேறு. உச்சமே 100 என்பதால் அங்கே எல்லாரும் நெருக்கிக்கொண்டுதான் நிற்பார்கள், பெரும்பாலும் கீழேயும் அதிகம் இறங்கியிருக்காது. 91.58 வைத்திருக்கும் பிள்ளை அந்த மாதிரிப் படிப்புக்கு ஒரு இடத்தைக் கொடுக்கலாம், நான்கு இடத்தைக் கொடுக்கக் கூடாது.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு பாடத்தில் ஒரு படி ஏறினால், அதாவது பி பிளஸ் ஏ மைனஸ் ஆனால், மெரிட்டில் ஏறத்தாழ 1.9 கூடும். புறப்பாடம் 7.2இலிருந்து 9க்குப் போனால் 1.8 கூடும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எடை! இயற்பியலில் ஒரு படி ஏற ஒரு பிள்ளை எத்தனை இரவு கண் விழிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதே அளவு மதிப்பெண் ஒரு சான்றிதழ் கோப்பில் தூங்கிக்கொண்டிருக்கலாம். 7.2 எப்படி வந்தது என்று புறப்பாட ஆசிரியரிடம் கேளுங்கள். வருகை, வகித்த பொறுப்பு, எந்த அளவில் கலந்துகொண்டான் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண். மாவட்டம், மாநிலம் என்று போயிருந்தால் அது பள்ளிப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஈப்போ சாலை:

ஆசிரியர் ஐயா நல்ல மனதோடு எழுதியிருக்கிறார். ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். என் மகன் 3.92 எடுத்தான். பொறியியல் கேட்டான், கொடுத்தது அவன் பட்டியலின் கடைசியில் இருந்த ஒரு படிப்பு. மூன்று நாள் அவன் சாப்பிடவில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளை மெட்ரிகுலேஷனில் ஒரு வருடம் படித்து 4.00 வாங்கி, கேட்டது கிடைத்துப் போனது. எஸ்டிபிஎம் பிள்ளை ஒன்றரை வருடம் தலையை உடைத்துக்கொண்டு அதே தராசில் நிற்க வேண்டும். இதை எங்கே போய்ச் சொல்வது? வாய்ப்பைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள், தங்கச்சி. அப்புறம் உடைந்து போகாதீர்கள்.

செந்தூல் ஆசிரியர்:

உங்கள் மகனுக்கு நடந்தது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகச் சேர்க்கையில் இன ஒதுக்கீட்டை எடுத்துவிட்டுத் தகுதி முறை என்று 2002இல் கொண்டுவந்தார்கள். ஆனால் மெட்ரிகுலேஷன் இடங்களில் பூமிபுத்ராக்களுக்கு 90, மற்றவர்களுக்கு 10 விழுக்காடு என்ற பங்கீடு நிலைத்தது. 2019இல் மொத்த இடத்தை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தியபோதும் அந்தப் பங்கீடு மாறவில்லை. இரண்டு வெவ்வேறு தேர்வின் புள்ளிகளை ஒரே வரிசையில் வைக்கும்போது கேள்வி எழத்தான் செய்யும், அந்தக் கேள்வியை நாம் தொடர்ந்து கேட்க வேண்டும். எஸ்பிஎம்மில் 10 ஏவும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இனப் பிள்ளைகளுக்கும் மெட்ரிகுலேஷன் இடம் என்று 2024இல் அறிவித்தார்கள், அது ஒரு மாற்றம். ஆனால் இந்தத் தம்பி ஏற்கெனவே படிவம் 6இல் இருக்கிறான். அவன் கையில் இருப்பது மூன்றாம் தவணையும், பழைய தவணையைத் திரும்ப எழுதும் மீள்தேர்வும், யூபியூவில் போடும் படிப்புப் பட்டியலும்தான். அதைப் பற்றிப் பேசுவோம்.

கெப்போங் அம்மா:

என் மகளுக்கு மெட்ரிகுலேஷன் கிடைத்தது. கோலாலம்பூரிலிருந்து உங்கள் பக்கம், கெப்பாலா பத்தாஸில் இருக்கும் பினாங்கு மெட்ரிகுலேஷன் கல்லூரிக்குத்தான் அனுப்பினோம். கணினி அறிவியல் பாடமும் இருக்கும் பிரிவு. ஒன்று மட்டும் சொல்கிறேன், அங்கேயும் சும்மா 4.00 வருவதில்லை. முதல் பருவத்தில் என் மகள் 3.4 எடுத்து, போனில் அழுதாள். வாராவாரம் டியூட்டோரியல், குவிஸ், அசைன்மெண்ட் என்று மூச்சு விட நேரமில்லை. ஈப்போ சாலை ஐயா சொல்லும் குறை எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தப் பிள்ளைகளும் உழைக்கிறார்கள் என்று ஒரு அம்மாவாக எழுதத் தோன்றியது.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:

தங்கச்சி, எல்லாரும் மெரிட் பற்றியே பேசுகிறார்கள். நான் வேறு ஒன்று கேட்கிறேன். தம்பிக்குக் கணினி அறிவியல் வேண்டுமா, எலெக்ட்ரானிக் பொறியியல் வேண்டுமா? "இது இல்லையென்றால் அது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

நான் யூஎஸ்எம்மில் எலெக்ட்ரானிக் படித்தவன். யூஎஸ்எம் என்றதும் எல்லாரும் கெலுகோரில் இருக்கும் மிண்டன் வளாகத்தை நினைப்பார்கள். கணினி அறிவியல் அங்கேதான். ஆனால் பொறியியல் முழுக்க நிபோங் திபாலில். முன்பு பேராக்கில் துரோனோவில் இருந்தது, 2001இல் இங்கே கொண்டுவந்தார்கள். பட்டர்வொர்த் பையனுக்கு நிபோங் திபால் பாலம் கடக்காமல் போகும் இடம், வார இறுதியில் வீட்டுக்கு வந்துவிடலாம். செலவுக் கணக்கில் இதையும் எழுதி வையுங்கள்.

பொறியியல் என்றால் 4 வருடம். அது பொறியியல் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்பா என்று பார்க்க வேண்டும், அப்போதுதான் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிய முடியும். 2009இல் மலேசியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினர் ஆனதால் அந்தப் பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. கணினி அறிவியலுக்கு இந்த வாரியம் தேவையில்லை. அங்கே நிரல் எழுதும் திறமையும் கணிதமும்தான் பேசும்.

இயற்பியலில் பி பிளஸ் என்றீர்களே, எந்தத் தவணையில் குறைந்தது? முதல் தவணையில் இயக்கவியலும் வெப்ப இயக்கவியலும். இரண்டாவதில் மின்சாரம், காந்தவியல். இரண்டாவதில் தடுமாறியிருந்தால் எலெக்ட்ரானிக் எடுக்கும் முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்கட்டும். நான்கு வருடமும் அதுதான் சோறு.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். பல பொறியியல் படிப்புகளின் சிறப்புத் தகுதியில் நிறக்குருடு இருக்கக் கூடாது என்று போட்டிருக்கும். என் நண்பர் ஒருவருக்கு அது இருந்ததே விண்ணப்பம் போடும்போதுதான் தெரிந்தது. கண் கடையில் ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம், இந்த வாரமே அழைத்துப் போங்கள்.

டுரியான் துங்கால் மாணவி:

அக்கா, நான் இப்போது மலாக்காவில் யூதெம் பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பிரிவில் இரண்டாம் வருடம். என் மெரிட் உங்கள் தம்பியைவிடக் குறைவு, 88 சொச்சம். என் பட்டியலில் இது ஏழாவது.

யூபியூவில் 12 படிப்பு வரை போடலாம். கிடைப்பது ஒன்றே ஒன்று. என் தோழி 12இலும் கணினி அறிவியல் என்ற ஒரே பெயரை, பெரிய பல்கலைக்கழகங்களில் மட்டும் போட்டாள். ஒன்றுகூட வரவில்லை. ஈ-ராயுவானில் மேல்முறையீடு செய்து ஏதோ ஒரு இடம் கிடைத்தது, அவள் விரும்பியது அல்ல. அவள் புள்ளி என்னுடையதைவிட அதிகம்! அதனால்தான் இதை எழுதுகிறேன். பட்டியல் போடுவதும் ஒரு பரீட்சைதான்.

நான் என்ன செய்தேன் என்றால், ஈ-பண்டுவானைத் திறந்து கணினி சம்பந்தப்பட்ட எல்லாப் படிப்பையும் ஒரு நோட்டில் எழுதினேன். கணினி அறிவியல், மென்பொருள் பொறியியல், தகவல் தொழில்நுட்பம், கணினிப் பொறியியல், தரவு அறிவியல் எல்லாம். பக்கத்தில் சராசரி மெரிட், அதற்குப் பக்கத்தில் என் மெரிட்டுக்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று. முதல் இரண்டு மூன்று, ஆசைக்கு. நடுவில், சராசரி என் எண்ணை ஒட்டியவை. கடைசி மூன்று, என் எண் சராசரியைவிட நன்றாகவே மேலே இருப்பவை. ஆனால் அந்தக் கடைசி மூன்றிலும் கிடைத்தால் மனதாரப் போய்ப் படிப்பேன் என்பதை மட்டும்தான் போட்டேன். ஈப்போ சாலை அங்கிளின் மகனுக்கு நடந்ததைப் படித்ததும் எனக்கு இதுதான் தோன்றியது. பிடிக்காத படிப்பு பட்டியலில் இருக்கவே கூடாது, கடைசி வரியில்கூட.

சிறப்புத் தகுதியை வரி வரியாகப் படியுங்கள். சில படிப்பு எஸ்பிஎம் கூடுதல் கணிதத்தில் கிரெடிட் கேட்கும். மூயெட் ஆங்கிலத் தேர்வில் எந்த பேண்டு (தர நிலை) வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் வேறு வேறாக இருக்கும். புள்ளி எல்லாம் இருந்தும் மூயெட்டில் அரைப் பேண்டு குறைந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஈப்போ சாலை:

மகள் சொல்வது சரி. என் மகன் பட்டியலைக் கடைசி நாள் இரவு போட்டான், கடைசி நான்கு வரியை நான்தான் "எதையாவது போடு" என்றேன். அதை இப்போது நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தங்கச்சி, நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

பட்டர்வொர்த் அக்காவின் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம், நான்தான் அந்தத் தம்பி. அக்கா போனில் எழுதுகிறேன்.

பொறியாளர் அண்ணன் கேட்ட கேள்விக்கு: முதல் தவணையில்தான் விழுந்தது. வெப்ப இயக்கவியல் எனக்கு ஏறவே இல்லை, சி பிளஸ். இரண்டாம் தவணை மின்சாரத்தில் ஏ மைனஸ் எடுத்தேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது. அப்பாவின் பழைய லாரி ரேடியோவைப் பிரித்துத் திரும்ப மாட்டியது நான்தான்.

நிரல் எழுதுவதைப் பற்றி உண்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், எங்கள் வீட்டில் கணினி இல்லை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் பைத்தான் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். போன வருடம் ரோபோ போட்டிக்கு மாவட்ட அளவில் போனோம், சென்சார் பகுதியை நான் எழுதினேன். இரண்டாம் தவணை நுண்கணிதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் கணினி அறிவியல் வேண்டும் என்று ஏன் சொன்னேன் என்று அண்ணன் கேட்டபிறகு யோசித்தேன். எல்லாரும் சொல்வதால் சொன்னேனோ என்று தோன்றுகிறது.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:

தம்பி, நீ எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரேடியோவைப் பிரித்தவன், சென்சாருக்கு நிரல் எழுதியவன், மின்சாரத்தில் ஏ மைனஸ். உனக்குக் கணினிப் பொறியியலும் எலெக்ட்ரானிக்கும் ஆசைப் பட்டியலிலேயே இருக்க வேண்டியவை. இரண்டாவது வாய்ப்பாக அவற்றை நினைக்காதே. 1972இல் இண்டெல் பாயான் லெப்பாஸில் கால் வைத்ததிலிருந்து இந்தத் தீவு சிப்பை நம்பித்தான் வளர்ந்தது. இங்கே வன்பொருளும் தெரிந்து நிரலும் எழுதும் ஆளுக்கு வேலை உண்டு. எங்கள் பிரிவில் சிப் சோதனைக்கு நாங்கள் எழுதுவதும் பைத்தான்தான்.

அதற்காகக் கணினி அறிவியலை விட்டுவிடு என்று சொல்லவில்லை. இரண்டையும் கலந்து போடு. எலெக்ட்ரானிக்கில் சேர்ந்தவன் பிறகு மென்பொருள் வேலைக்குப் போகலாம், எங்களில் பலர் போயிருக்கிறார்கள். கணினி அறிவியல் படித்துவிட்டுப் பொறியாளராகப் பதிய நினைத்தால் அது கஷ்டம்.

முதல் தவணை இயற்பியலை மீள்தேர்வு எழுது. சி பிளஸ் என்பது ஏற நிறைய இடம் இருக்கும் புள்ளி.

செந்தூல் ஆசிரியர்:

இதைத்தான் நானும் எழுத வந்தேன். மூன்று தவணையும் சேர்ந்துதான் கடைசிப் புள்ளி. சி பிளஸ் இருக்கும் ஒரு தவணையைத் தூக்கினால் இயற்பியல் மொத்தமாக ஏ மைனஸுக்கு வரும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அப்படி வந்தால் மெரிட் 93.4 பக்கம். புறப்பாடமும் 9க்கு ஏறினால் 95ஐத் தாண்டும். 91.58க்கும் 95க்கும் நடுவில் எத்தனை படிப்பு இருக்கிறது என்று ஈ-பண்டுவானில் எண்ணிப் பார் தம்பி, நீயே அசந்துவிடுவாய்.

மீள்தேர்வுக்காக மூன்றாம் தவணையைக் கோட்டை விடாதே. அலைகள், ஒளியியல், நவீன இயற்பியல் எல்லாம் புதிது. வாரத்தில் இரண்டு மாலை மட்டும் பழையதுக்கு. ஐந்து வருட வினாத்தாளில் வெப்ப இயக்கவியல் கேள்விகளை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் போடு. கேட்பது திரும்பத் திரும்ப அதே வகைதான். புரியாத கேள்வியைப் படம் எடுத்து இங்கே போடு, நான் இரவில் பார்ப்பேன்.

அந்த ரோபோ போட்டி! மாவட்ட அளவு என்றாயே, அது புறப்பாடப் பதிவில் ஏறியிருக்கிறதா?

கெப்போங் அம்மா:

இடையில் ஒன்று. அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் இப்போதே தனியாருக்குப் பணம் கட்டச் சொன்னார் என்றீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். என் அக்கா மகனுக்கு ஒரு கல்விக் கண்காட்சியில் ஒரு கல்லூரி ஆலோசகர், "இன்று பதிந்தால்தான் கட்டணக் கழிவு, அரசாங்க இடமெல்லாம் உங்களுக்கு வராது" என்று பயமுறுத்தி முன்பணம் வாங்கினார். இரண்டு மாதத்தில் அரசாங்க இடம் வந்தது. முன்பணம் திரும்பக் கிடைக்கவில்லை. தனியார் தேவைப்பட்டால் பார்க்கலாம், தப்பில்லை. பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் இருக்கிறது. கெடாவில் பெடோங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பக்கம், பொறியியலும் கணினியும் இருக்கிறது. ஆனால் எஸ்டிபிஎம் முடிவும் யூபியூ முடிவும் வரும் முன் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். கட்டும் முன் எம்கியூஏ (படிப்பின் தரத்தை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா, முன்பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டுரியான் துங்கால் மாணவி:

தம்பி, வீட்டில் கணினி இல்லை என்று கவலைப்படாதே. நான் முதல் பருவம் முழுக்க நூலகக் கணினியில்தான் படித்தேன். பிடிபிடிஎன் வந்ததும் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினேன். என் வகுப்பில் பாதிப் பேர் முதல் நாள்தான் நிரல் எழுத ஆரம்பித்தார்கள்.

பட்டர்வொர்த் அக்கா:

எல்லாருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒரு வாரமாக இந்த இழையை அப்பாவுக்கும் படித்துக் காட்டுகிறேன்.

புறப்பாட ஆசிரியரைப் போய்ப் பார்த்தோம். ரோபோ போட்டி பதிவில் இல்லை. பொறுப்பாசிரியர் மாறிப் போனதில் விடுபட்டிருக்கிறது. சான்றிதழின் நகலும் குழுப் படமும் கொடுத்தோம், சேர்ப்பதாகச் சொன்னார். செம்பிறைச் சங்கத்தில் அவன் பொருளாளராக இருந்ததும் ஒரு வருடம் வெறும் உறுப்பினர் என்று பதிந்திருந்தது, அதையும் திருத்தினார். எண் எவ்வளவு வரும் என்று இன்னும் சொல்லவில்லை.

கண் சோதனை முடிந்தது. நிறமெல்லாம் சரியாகத் தெரிகிறது.

பட்டியலைப் பென்சிலில் போட்டு ஐஸ்பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். முதலில் யூஎஸ்எம் கணினி அறிவியல், அடுத்து நிபோங் திபாலில் எலெக்ட்ரானிக், மூன்றாவது மலாயாப் பல்கலைக்கழகம். நடுவில் யூடிஎம்மும் யூகேஎம்மும் யூதெம்மும். கீழே பெர்லிஸ் யூனிமேப்பில் கணினிப் பொறியியல். பன்னிரண்டில் ஒன்பதுதான் நிரம்பியிருக்கிறது. மீதி மூன்றுக்கு, கிடைத்தால் மனதாரப் போவானா என்று ஒவ்வொன்றையும் அவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒன்றை அவனே அழித்துவிட்டான்.

சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் இன்னும் அதையேதான் சொல்கிறார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை, இயற்பியல் மீள்தேர்வுக்குப் பணம் எடுத்துக் கொடுத்தார். செந்தூல் ஆசிரியருக்கு இன்றிரவு நான்கு கேள்வி அனுப்புவான், எல்லாம் வெப்ப இயக்கவியல்தான்.

செந்தூல் ஆசிரியர்:

அனுப்பச் சொல்லுங்கள். பத்தரை வரை விழித்திருப்பேன். விடை மட்டும் எழுதாமல், எந்த வரியில் நின்றுபோனான் என்று படத்தில் வட்டம் போடச் சொல்லுங்கள்.